கல்லைக் கண்டால் நாயைக் காணோம்

1805 ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் தன் நாயோடு ஹெல்வெல்லின் மலை ஏறினார். இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகளும் குன்றுகளுமாகக் கிடக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் பெரிய மலைகளில் அது ஒன்று. உயரம் 950 மீட்டர். காஃப் மான்செஸ்டர்க்காரர், ஓவியத்தில் நாட்டம் உள்ளவர். பேட்டர்டேல் என்ற அடிவாரச் சிற்றூரிலிருந்து கிளம்பி மலையைக் கடந்து கிராஸ்மியருக்குப் போவதாகத் திட்டம். போய்ச் சேரவில்லை. ஜூலையில் ஓர் ஆட்டுக்காரர், ரெட் டார்ன் என்ற மலைச்சுனைப் பக்கம் நாய் குரைப்பதைக் கேட்டார். போய்ப் பார்த்தால் எலும்புக்கூடு. பக்கத்தில் உயிரோடு நாய்.

மூன்று மாதம் அந்த நாய் எதைத் தின்று பிழைத்தது? அந்த ஆண்டே இதற்கு இரண்டு பதில்கள் வந்துவிட்டன. எஜமானையே தின்றிருக்கிறது என்று கார்லைல் நகரத்துப் பத்திரிகை ஒன்று எழுதியது. கவிஞர்களுக்கு அது ஒப்பவில்லை. வேர்ட்ஸ்வொர்த், வால்டர் ஸ்காட், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி மூவரும் அதே ஆண்டு ஒன்றாக ஹெல்வெல்லின் ஏறினார்கள். கவிஞர்கள் இருவரும் தனித்தனியே கவிதை எழுதினார்கள். இரண்டிலும் அந்த நாய் விசுவாசத்தின் திருவுருவம். 1829இல் லேண்ட்சீர் அதை ஓவியமாக்கினார். 1890இல் மலைமேல் ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள். ஸ்காட் தன் கவிதையின் முன்குறிப்பில் அது ஒரு டெரியர் பெட்டை என்கிறார்.

நாயைக் கண்டுபிடித்த ஆட்டுக்காரர் என்ன நினைத்தார் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் ஊகித்துப் பார்க்கிறேன். ஏப்ரலும் மே மாதமும் அந்த மலைகளில் ஆடு குட்டி போடும் காலம். கட்டவிழ்ந்த ஒரு நாய் மூன்று மாதம் மலையில் திரிந்திருக்கிறது, மெலிந்து சாகவும் இல்லை. பத்திரிகையும் கவிஞர்களும் எஜமானின் எலும்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் தன் குட்டிகளை எண்ணப் போயிருப்பார்.

இந்த மூன்று கண்களும் அந்தப் பகுதியில் இன்றுவரை இருக்கின்றன. நாயைக் கண்டு மிரளும் கண், நாயைக் கண்டு உருகும் கண், நாயைக் கண்டால் ஆட்டை எண்ணும் கண். ‘நாய்க்கு உகந்த ஊர்’ என்ற பேச்சு உலகமெங்கும் சுற்றுலாத் தொழிலின் மந்திரமாகிவிட்ட இந்த நாளில், எல்லோரும் இரண்டாவது கண்ணையே புகழ்கிறார்கள். மூன்றாவது கண் இல்லாமல் இரண்டாவது ஒரு நாளும் நிலைத்திருக்காது என்பது என் கட்சி. கூடவே ஒரு வருத்தமும் உண்டு. உலகத்து நாய்களையெல்லாம் உபசரிக்கும் அந்த ஊரில், அந்த ஊரிலேயே பிறந்த ஒரு சின்ன நாய் ஓசையில்லாமல் குறைந்துகொண்டு வருகிறது.

முதலில் உபசாரத்தைப் பார்த்துவிடலாம். கெஸ்விக் என்ற சந்தை ஊர் அதற்குப் பேர் போனது. நாய்களின் இனப்பதிவை நடத்தும் கெனல் கிளப், நாய்க்கு மிக உகந்த ஊர் என்று அதற்குப் பரிசே கொடுத்திருக்கிறது. கடைவாசலில் தண்ணீர்க் கிண்ணம், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாய் பிஸ்கட் ஜாடி, பப்புகளில் மேசைக்கடியில் ஈரக் கம்பளி வாடையோடு படுத்திருக்கும் உருவங்கள். ஏரிப் படகில் நாய் ஏறலாம். ரயிலில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை காசில்லாமல் கூட்டிப் போகலாம். இது பிரிட்டன் முழுமைக்கும் உள்ள விதி. ஹோப் பார்க் என்ற பூங்காவில் மேக்ஸ் என்ற ஸ்பானியல் நாய்க்கு வெண்கலச் சிலை நிற்கிறது. மனம் சோர்ந்தவர்களுக்குத் துணையிருந்து பெயர் வாங்கிய நாய் அது. 2021இல் விலங்கு நல அமைப்பு ஒன்று விருதும் கொடுத்தது.

பப்பில் நாயை விடுவதைச் சுற்றுலா கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பழைய பப்புகளின் தரை ஸ்லேட் கல். சேற்றுக் காலோடு ஆட்டுக்காரர் உள்ளே வருவார், நாய் பின்னாலேயே வரும். இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினால் வியாபாரம் நடக்காது. இன்றைக்கு விளம்பரப் பலகையில் எழுதப்படும் வரவேற்பு, நேற்றுவரை பலகை தேவைப்படாத வழக்கம்.

விடுமுறைக்கு நாயைக் கூட்டி வருபவரிடம் இன்று நிறையக் காசு இருக்கிறது. விடுதியில் நாய்க்குத் தனிக் கட்டணம், கடையில் நாய்க்கு மழைக்கோட்டு. நாய் விற்ற காசு குரைக்காது என்று நம் முன்னோர் சொன்னது இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடம் அது. 2,362 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவில் நிலையாகக் குடியிருப்பவர்கள் 40,000 பேர்தான். வருபவர்களில் பத்தில் ஒருவர் நாயோடு வந்தால்கூட மலைப்பாதையில் எத்தனை நாய் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சில நேரம் கணக்கு சிரிப்பிலும் முடியும். 2020 கோடையில் ஸ்காஃபெல் பைக் மலையிலிருந்து ஒரு நாயைத் தூக்குக் கட்டிலில் இறக்க வேண்டியதாயிற்று. 978 மீட்டர், இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலை. நாயின் எடை 55 கிலோ. மீட்புக் குழுத் தொண்டர்கள் 16 பேர் ஐந்து மணி நேரம் பாடுபட்டார்கள். நாய் என்ன இனம் தெரியுமா? ஆல்ப்ஸ் மலைப் பனியில் மனிதர்களை மீட்டதாகப் புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்ட்.

இனி மூன்றாவது கண்ணுக்கு வருவோம். அந்த மலைகளை மேய்ந்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவை ஹெர்ட்விக் ஆடுகள். கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகி, முகம் மட்டும் வெள்ளையாகும் ஆடுகள். அவற்றின் மேய்ச்சலில் ஒரு விசேஷம் உண்டு. மலைமேல் பெரும்பாலும் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையைத் தாண்டிப் போகாது. தாய் ஆடு தன் குட்டிக்கு இடத்தைப் பழக்கும், அந்தக் குட்டி தன் குட்டிக்குப் பழக்கும். ‘ஹெஃப்ட்’ என்கிறார்கள். பண்ணையை விற்றால் மந்தையும் நிலத்தோடு சேர்ந்து கைமாறுவது அதனால்தான். மலை தெரிந்த ஆடுகள் போய்விட்டால் புதிதாக வாங்கிவிடுகிற ஆடுகளுக்கு மலை தெரியாது.

எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்தச் சூட்சுமம் அறிந்தவர். முயல் கதைகளில் சம்பாதித்த பணத்தில் பண்ணை பண்ணையாக வாங்கி, ஹெர்ட்விக் வளர்த்து, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்தார். ஹெர்ட்விக் மந்தைகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய 1909ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் பிக்கிள்ஸ் என்று ஒரு டெரியர், பூனையோடு கூட்டுச் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறது. எல்லோருக்கும் கடன் கொடுத்துக் கொடுத்துக் கல்லா காலி. நாய் வரி கட்ட முடியாமல், போலீஸ்காரரைக் கண்டாலே அதற்கு உதறல். அந்த உதறல் கற்பனையில்லை. 1878 முதல் நாய் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஏழரை ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டும். 1987 வரை அது நடப்பில் இருந்தது. ஆடு மேய்க்கும் நாய்க்கு விலக்கு இருந்தது. வேலை செய்கிற நாய், வேலையில்லாத நாய் என்று சட்டமே வகை பிரித்துப் பார்த்த காலம்.

ஒரு செல்ல நாய் ‘சும்மா விளையாட்டுக்கு’ துரத்தினாலே போதும், சினை ஆட்டுக்குச் சினை கலையும். ஆடுகள் கும்பலாக ஓடிக் கல்சுவரில் மோதி நசுங்கிச் சாகும். தாயும் குட்டியும் பிரிந்துவிட்டால் குட்டி பட்டினி. 2023இல் பிரிட்டனில் நாய்கள் கடித்துக் குதறிய கால்நடைகளின் மதிப்பை விவசாயிகளின் காப்பீட்டு நிறுவனம் ஒன்று சுமார் 24 லட்சம் பவுண்ட் என்று கணித்தது. இதில் பெரும்பகுதியும் ‘எங்கள் நாய் ஒரு ஈயைக்கூட ஒன்றும் செய்யாது’ என்று சொல்லக்கூடிய வீடுகளிலிருந்து வந்த நாய்களின் வேலையாகத்தான் இருக்கும்.

ஆகவே சட்டம். கால்நடையை நாய் தொந்தரவு செய்தால் உரிமையாளர் மீது குற்றம் என்று 1953இலேயே சட்டம் வந்தது. வேறு வழியே இல்லாதபோது தன் ஆட்டைக் காக்க அந்த நாயைச் சுட்டுவிட்டு 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்தால், உரிமையியல் வழக்கில் விவசாயிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைகளில் பாதை விட்டும் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. அதே கையோடு, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அந்தத் திறந்த நிலங்களில் நாய் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும் என்றும், கால்நடை பக்கத்தில் இருந்தால் ஆண்டு முழுவதும் அப்படித்தான் என்றும் எழுதியது. கயிற்றின் நீளத்தைக்கூடச் சட்டத்தில் எழுதுகிறார்களே என்று சிரிக்கலாம். சுருள் கயிற்றை முப்பதடி இழுத்துவிட்டு ‘கட்டித்தானே வைத்திருக்கிறேன்’ என்று வாதாடும் ஆளைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கால் நூற்றாண்டுக்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2001இல் கோமாரி நோய் பரவியபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் கம்பிரியா. லேக் டிஸ்ட்ரிக்ட் அதற்குள்தான் இருக்கிறது. மலைப்பாதைகளை மூடினார்கள். சுற்றுலா நின்றது, விடுதிகள் காலியாயின. ஆட்டை நம்பியா நாங்கள் பிழைக்கிறோம் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விடுதிக்காரர்களுக்கு, மந்தை இல்லாத மலைக்கு ஆள் வராது என்பது அப்போது உறைத்தது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கெல்லாம் முன்னால் இன்னொரு பெரிய கட்டுப்பாடு நடந்து முடிந்திருக்கிறது. அது இல்லையென்றால் நாயும் மனிதனும் ஒரே பெஞ்சில் உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர் டீக்கடை வாசலில் ஒரு நாய் நிமிர்ந்து பார்த்தால் நம் கால் தானாகப் பின்னுக்குப் போகிறது. வெறிநாய்க்கடி ஊசி நம் நினைவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலும் அந்தப் பயம் இருந்தது. 1897இல் வேளாண் வாரியத் தலைவராக இருந்த வால்டர் லாங், வெறிநோய் உள்ள பகுதிகளில் ஒவ்வொரு நாயும் வாய்க்கூடு அணிந்தே தீர வேண்டும் என்று கறாராக உத்தரவிட்டார். வெளிநாட்டு நாய்களுக்குத் தனிமைக் காப்பு. நாய்ப் பிரியர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள், கொடுமைக்காரர் என்றார்கள். 1902இல் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் வெளியிலிருந்து திருட்டுத்தனமாக வந்த நாயால் மறுபடி நுழைந்தது. மறுபடி வாய்க்கூடு, 1922இல் மறுபடி ஒழிந்தது. வெளியிலிருந்து வரும் நாய்க்கு ஆறு மாதத் தனிமைக் காப்பு 2000ஆம் ஆண்டுவரை தளரவில்லை.

இன்று கெஸ்விக் கடையில் அறிமுகமில்லாத நாயின் தலையைத் தடவிக் கொடுக்கும் குழந்தைக்கு வால்டர் லாங்கைத் தெரியாது. தெரியாமல் இருப்பதே அவருடைய வெற்றி. தெருவில் தனியாகத் திரியும் நாயை உள்ளாட்சி பிடித்து ஏழு நாள் வைத்திருக்கும். 2016 முதல் ஒவ்வொரு நாய்க்கும் தோலடியில் மைக்ரோசிப் கட்டாயம். நாயை எங்கும் அனுமதிக்கும் நாடு, ஆளில்லாத நாயை எங்கும் அனுமதிப்பதில்லை. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் புகைப்படம் எடுத்துப் போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இனி, கதையின் சின்ன நாய்.

டெரியர் என்ற சொல் ‘மண்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து வேலை பார்க்கும் நாய் என்று கருத்து. லேக் டிஸ்ட்ரிக்டில் மண் ஏது? எல்லாம் பாறை. நரி அங்கே வளை தோண்டுவதில்லை. சரிந்து கிடக்கும் பாறைக் குவியல்களுக்குள் ஒளியும். அந்தக் குவியலை ‘போரன்’ என்பார்கள். குட்டி ஆடுகளைத் தூக்கும் நரியைத் தேடி வேட்டை நாய்க்கூட்டம் மலையெல்லாம் ஓடும். மற்ற ஊர்களைப்போலக் குதிரைமேல் சிவப்புக் கோட்டுக் கனவான்கள் அங்கே கிடையாது. அந்தச் சரிவில் குதிரை நிற்காது. விவசாயிகளும் சுரங்கக்காரர்களும் நடந்தே போனார்கள். நரி போரனுக்குள் போய்விட்டால் பெரிய நாய்கள் வெளியே நின்று ஊளையிட வேண்டியதுதான். அப்போது யாரோ ஒருவருடைய காலடியிலிருந்து ஒரு டெரியர் உள்ளே நுழையும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று நாம் சொல்வது அங்கே கண்ணெதிரே நடக்கும். நாய் கல்லுக்குள் மறைந்துவிடும். குரல் மட்டும் அடியிலிருந்து கேட்கும்.

உள்ளே போன நாய் திரும்பாமலும் போகும். பாறை இடுக்கில் சிக்கிய டெரியருக்காக நாள்கணக்கில் கல் பெயர்த்த கதைகள் அங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உண்டு. ஆகவே பொறுக்கி எடுத்த நாய்கள்தாம் நிலைத்தன. இடுக்கில் நுழைய ஒடுங்கிய தோள், பாறைக்குப் பாறை தாவத் தோதான கால், மழைநீர் இறங்காத கம்பி போன்ற மேல்முடியும் அடியில் மெத்தென்ற உள்முடியும். உயரம் 37 சென்டிமீட்டருக்கு மிகாது. எடை எட்டுக் கிலோவுக்குள். எட்டுக் கிலோ நாய்க்கு எண்பது கிலோ பிடிவாதம்.

இந்த நாய்க்கு வெகுநாள் நிலையான பெயர் கிடையாது. எந்த ஊர்ப் பள்ளத்தாக்கோ அந்த ஊர்ப் பெயர். காஃப் கிளம்பிய பேட்டர்டேலின் பெயரிலும் ஒரு வகை உண்டு. 1912இல் கெஸ்விக் பக்கம் சிலர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், போர் வந்து அது முடங்கியது. 1921இல் ஒயிட்ஹேவன் துறைமுக ஊரில் மறுபடி கூடி, லேக்லாந்து டெரியர் என்று பெயர் வைத்து, அங்க லட்சணங்களை எழுதி முடித்தார்கள். 1934இல் அமெரிக்க கெனல் கிளப் ஏற்றுக்கொண்டது. அப்புறம் ஏறுமுகம். உலகின் மிகப் பெரிய நாய்க் காட்சியான கிரஃப்ட்ஸில் 1963இலும் 1967இலும் முதல் பரிசு இந்த இனத்துக்கு. 1967இல் வென்ற ஸ்டிங்ரே என்ற நாய் மறு ஆண்டே நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் காட்சியையும் வென்றது. 1976இல் மறுபடியும் ஒரு லேக்லாந்து டெரியர் அங்கே வாகை சூடியது.

கோப்பைகள் குவிந்த அந்தக் காலத்திலேயே இனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. காட்சி நாயின் முடியைக் கையால் பிடுங்கிப் பிடுங்கி ஒப்பனை செய்ய வேண்டும். முகத்தில் தாடி, கால்களில் தூண் போன்ற முடி. மலையில் வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்து நகைத்தார்கள். தங்கள் நாய்களை ‘ஃபெல் டெரியர்’ என்றும் ‘பேட்டர்டேல்’ என்றும் சொல்லிக்கொண்டு, பதிவேட்டுக்கு வெளியே வளர்த்தார்கள். பிரிட்டனின் கெனல் கிளப் பேட்டர்டேலைத் தனி இனமாக இன்றுவரை ஏற்கவில்லை. வேலை பார்க்கிற நாய்க்கு இனம் இல்லை, இனம் உள்ள நாய்க்கு வேலை இல்லை என்றாயிற்று.

பிறகு 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம். 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டுக் காட்டு விலங்கைத் துரத்திக் கொல்வது குற்றம். நான் இந்தச் சட்டத்தின் பக்கம். இருட்டுப் பாறை இடுக்கில் ஒரு நரியும் ஒரு நாயும் ஒன்றன் முகத்தை ஒன்று கிழித்துக்கொள்வதை மரபு என்ற பெயரில் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் நுணுக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நரியைத் தேடி நிலத்தடியில் நாயை விட ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: துப்பாக்கி விளையாட்டுக்காக வளர்க்கப்படும் பறவைகளை நரியிடமிருந்து காக்க, ஒரே ஒரு டெரியரை, எழுத்து மூலமான அனுமதியோடு, நரியை வெளியேற்ற மட்டும் அனுப்பலாம். ஆட்டுக்குட்டியைக் காக்க முடியாது. எந்த வேலைக்காக இந்த நாய் உருவானதோ அந்த வேலைக்கு விலக்கு இல்லை. கோடீஸ்வரர்கள் சுட்டு மகிழும் பறவைக்கு விலக்கு. சட்டம் எழுதியவர்களின் வீட்டில் யாரும் ஆடு வளர்த்திருக்க வாய்ப்பில்லை.

வால் கதையும் இப்படித்தான். டெரியர் வாலை நறுக்குவது பழைய வழக்கம். இடுக்கில் சிக்கிய நாயைப் பிடித்து இழுக்க அளவான பிடி வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். 2007 முதல் இங்கிலாந்தில் அது தடை. வேலை நாய்க்கு மட்டும் கால்நடை மருத்துவர் சான்றோடு விலக்கு. இப்போது காட்சிக்கு வரும் லேக்லாந்து டெரியர்கள் முழு வாலோடு நிற்கின்றன. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற நம் பழமொழிக்கு அந்த வால்கள் நேர் எதிரி. பென்சிலைப்போல நிமிர்ந்து நிற்கும்.

நிமிர்ந்த வாலை வைத்துக்கொண்டு எண்ணிக்கை நிமிரவில்லை. ஆண்டுக்கு 300 குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் உள்நாட்டு இனங்களைக் கெனல் கிளப் ‘நலிவடைந்தவை’ என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் லேக்லாந்து டெரியரும் இருக்கிறது. லாப்ரடார் குட்டிகள் பல்லாயிரக்கணக்கில் பதிவாகும் நாட்டில் இந்த நிலை. கெஸ்விக் தெருவில் அரை மணி நேரம் நின்றால் ஸ்பானியல், லாப்ரடார், பூடில் கலப்பின நாய்கள், பிரெஞ்சு புல்டாக் எல்லாம் வரிசையாகப் போகும். ஊர்ப்பெயர் தாங்கிய டெரியரைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும்.

காரணம் புரியாமல் இல்லை. குரைக்கும், தோண்டும், கூப்பிட்டால் யோசித்துவிட்டு வரும். உள்ளே போனபின் எஜமான் கட்டளை காதில் விழாத இடத்தில் தானே முடிவெடுக்க வேண்டும் என்று ஆண்டாண்டாய்ப் பழக்கிவிட்டு, இப்போது சோபாவில் சொல் பேச்சுக் கேட்டு உட்கார் என்றால் எப்படி உட்காரும்? விடுமுறைக்கு வருபவருக்குப் படகில் சாதுவாக நிற்கும் நாய் வேண்டும். சந்தை அதைத்தான் கேட்கிறது, சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்பதும் இல்லை. வழி அந்த ஊரிலேயே இருக்கிறது. வேட்டை ஹவுண்ட் நாய்களுக்கு வேறொரு வேலையை அதே மலைக்காரர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். சோம்பு எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் நனைத்த துணியை மலையெங்கும் பத்து மைல் இழுத்துப் போவார்கள். நாய்கள் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு பறக்கும். ஹவுண்ட் டிரெயில் என்று பெயர். 1906இல் அதற்கென்று சங்கம் வந்தது. கிராஸ்மியர் விளையாட்டு விழாவில் இன்றும் கூட்டம் கூடுகிறது, பந்தயக் காசு கைமாறுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நாய்க்கு அதன் மூக்கும் காலும் வீணாகவில்லை.

டெரியருக்கு இதற்கு இணையாக ஒன்றும் முழுமையாக அமையவில்லை. கிராமத்துக் கண்காட்சிகளில் கயிற்றில் இழுக்கும் பொம்மையைத் துரத்தும் சிறு பந்தயம் நடக்கும். குழந்தைகள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் மரச்சுரங்கம் அமைத்து, முடிவில் கம்பிக் கூண்டுக்குள் பத்திரமாக எலியை வைத்து, நாய் வாடை பிடித்துப் போய்க் குரைத்தால் மதிப்பெண் போடும் தேர்வு நடத்துகிறார்கள். இது அந்தப் பாறை நாட்டில் அல்லவா நடக்க வேண்டும்? போதாததற்கு, எலி பிடிப்பதற்கு வேட்டைச் சட்டத்தில் தடையே இல்லை. நில உரிமையாளர் சம்மதித்தால் போதும். தீவனக் கிடங்கு உள்ள ஒவ்வொரு பண்ணையிலும் எலி இருக்கிறது. நாய்ப் பயணிகளின் காசில் கொழிக்கும் விடுதிகளும் கடைகளும் அந்தக் காசில் ஒரு கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பினால், லேக்லாந்து டெரியர் என்பது தேநீர்த் துண்டில் அச்சடிக்கும் படம் என்ற நிலையிலிருந்து மீண்டு தெருவுக்கு வரும்.

‘நாய்க்கு உகந்த ஊர்’ என்று பரிசு கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர்க் கிண்ணங்களை எண்ணுவது சுலபம். அந்த ஊர் எல்லையில் அந்த ஆண்டு எத்தனை ஆடு கடிபட்டது, குட்டி போடும் காலத்தில் எத்தனை நாய் கயிற்றில் நடந்தது, மேய்ச்சல் நிலத்தில் கழிவை அள்ளாமல் போனவர் எத்தனை பேர் என்றும் கேட்டுப் பாருங்கள். நாயின் கழிவு வழியாகப் பரவும் ஒரு கிருமி பசுக்களுக்குக் கன்று கலையச் செய்கிறது. விவசாயி ‘பை கொண்டு வாருங்கள்’ என்று பலகை வைப்பது அழகுக்காக இல்லை. அந்தப் பலகையை வைத்தவரையும் நடுவர் குழுவில் உட்கார வைத்தால் பரிசு வேறு ஊருக்குப் போனாலும் போகும்.

அக்டோபர் மாதம் வாஸ்டேல் ஹெட்டில் ஆட்டுக்காரர்களின் கூட்டம் ஒன்று நடக்கும். சுற்றிலும் செங்குத்து மலை, நடுவில் நாலைந்து வயல், கல்சுவர்கள். ஹெர்ட்விக் கிடாக்களுக்குப் போட்டி, மலையேற்ற ஓட்டம், ஹவுண்ட் டிரெயில், கூடவே டெரியர் காட்சி. அங்கே வரும் நாய்கள் கிரஃப்ட்ஸ் மேடையில் நிற்காதவை; காது கிழிந்தவை, முகத்தில் பழைய தழும்பு உள்ளவை. பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் சீப்பு கொண்டு வருவதில்லை.

அங்கிருந்து மலையைச் சுற்றித் தெற்கே போனால் எஸ்க்டேல் பள்ளத்தாக்கு. பூட் என்ற சிற்றூரில் ஆற்றங்கரையில் செயின்ட் கேத்தரின் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் டாமி டாப்சன் கிடக்கிறார். நூற்பாலைகளுக்கு மரக்கண்டு கடைந்து பிழைத்த அவர் 1857இல் ஒரு வேட்டை நாய்க்கூட்டத்தைத் தொடங்கி, 1910இல் சாகும்வரை நடத்தினார். அவரைப்போன்றவர்கள் கையில் உருவானதுதான் லேக்லாந்து டெரியர். கல்லறைக் கல்லில் அவருடைய சிரித்த முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் நரி, ஒரு பக்கம் ஹவுண்ட். டெரியரைக் காணோம்.